முதலில் காலாங், பிறகு விம்பிள்டன்

‘வாழ்நாளில் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டிய பத்துப் போட்டிகள்’ என்று ஏதாவதொரு பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். விம்பிள்டன், காற்பந்து உலகக் கிண்ண இறுதியாட்டம், மெல்பர்னின் ‘பாக்சிங் டே’ டெஸ்ட், மொனாக்கோ கார்ப் பந்தயம், ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டம். பெயர்கள் அதிகம் மாறுவதில்லை. விமானக் கட்டணம், தங்குமிடம், நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு, குழுவில் யாராவது அழும் முகத்தைப் பதிவிடுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்தப் பட்டியல்களிடம் எனக்குள்ள மனக்குறை பணம் மட்டுமன்று. ஒரு போட்டியை ஏன் நேரில் பார்க்க வேண்டும் என்று அவை கேட்பதே இல்லை. புகழ்பெற்றது, ஆகவே போய் வா என்கின்றன. நான் கேட்பது வேறு. திரையில் பார்த்தால் எதை இழக்கிறோம்? நாம் அங்கே உட்கார்ந்திருப்பதால் ஏதாவது மாறுமா?

இந்தக் கேள்விகளை நம் ஊர் எஃப்1 பந்தயத்திடமே முதலில் கேட்டுப் பார்க்கலாம். 2008ல் மரினா பேயில் தொடங்கியது, உலகின் முதல் எஃப்1 இரவுப் பந்தயம். விளக்குகளும் இரைச்சலும் அபாரம். ஆனால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு சுற்றில், உங்கள் இருக்கையைக் கார் கடப்பது சில விநாடிகள்தான். மற்றதை அங்கே வைத்திருக்கும் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். இசை நிகழ்ச்சியும் சேர்ந்த திருவிழாவாக நினைத்துப் போகலாம். பந்தயம் புரிய வேண்டுமென்றால் வீட்டு சோபாதான் நல்ல இருக்கை. (எஃப்1 ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.)

பூப்பந்து அதற்கு நேர்மாறு. தொலைக்காட்சிக் கேமரா பெரும்பாலும் ஆடுகளத்தின் பின்னால், உயரத்தில் இருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. அதனால் ஆடுகளத்தின் நீளம் சுருங்கிவிடுகிறது, பந்து எவ்வளவு உயரம் போகிறது என்பது தெரிவதில்லை. பதினாறு இறகுகள், ஐந்து கிராம் அளவு எடை. ஆட்டத்திலேயே மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டி அடித்திருக்கிறார்கள். அதே பந்து காற்றின் தடையால் நொடிக்குள் வேகம் இழந்து தளர்ந்து விழும். பக்கவாட்டில், கீழ் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். மட்டையை ஒரே மாதிரி ஓங்குகிறார். ஒரு முறை இடிபோல் இறங்குகிறது, மறுமுறை வலையை ஒட்டி மெல்ல விழுகிறது. எதிரே இருப்பவர் ஏன் ஏமாந்தார் என்பது அப்போதுதான் புரியும்.

காற்று இன்னொரு விஷயம். பெரிய உள்ளரங்குகளில் குளிர்சாதனக் காற்று பந்தை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரு முனையிலிருந்து அடித்தால் கோட்டுக்கு வெளியே போகும். மறுமுனையிலிருந்து எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உள்ளேயே விழும். மூன்றாவது செட்டில் ஒருவர் 11 புள்ளி எடுத்ததும் பக்கம் மாற வேண்டும் என்ற விதி எதற்கு என்று எனக்கு உள்ளரங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. திரையில் பார்த்தபோது அது தண்ணீர் குடிக்கும் இடைவேளை.

காலாங்கில் இருக்கும் அந்த உள்ளரங்குக்கு ஆண்டுதோறும் சிங்கப்பூர் பொதுவிருதுப் போட்டி வருகிறது. 2017ல் ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் சாய் பிரணீத், ஸ்ரீகாந்த் என்று இரு இந்தியர்கள் மோதியதும், 2022ல் பி.வி. சிந்து பட்டம் வென்றதும் அங்கேதான். நம் லோ கியன் யூ 2021 டிசம்பரில் ஸ்பெயினின் ஹுவெல்வாவில் உலக வெற்றியாளரானதை நாம் திரையில்தான் பார்த்தோம். அவரே ரயிலில் போகும் தூரத்தில் விளையாட வரும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க என்ன காரணம் சொல்வது?

திரை மறைக்கும் இன்னொன்று, உடற்குறையுள்ளோர் நீச்சல். 2025ல் உலகப் போட்டியே இங்கு நடந்தது. பார்வையற்றோர் பிரிவில், நீந்துபவர் சுவரை நெருங்கும்போது மெத்தென்ற நுனியுள்ள நீண்ட கோலால் ஒருவர் அவர் தலையிலோ முதுகிலோ தட்டுவார். சற்று முந்தினாலும் பிந்தினாலும் ஆபத்து. கேமரா நீந்துபவரைத்தான் காட்டும். தட்டுபவரின் முகத்தைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும்.

இனி, நாம் இருப்பதால் ஏதாவது மாறுமா என்ற கேள்வி. விம்பிள்டனில் உங்கள் இருக்கை காலியானால் அடுத்த நிமிடம் இன்னொருவர் உட்காருவார். நீங்கள் அங்கே சுற்றுப்பயணி. காற்பந்தில் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு வேறு மதிப்பு. 2020ல் கிருமிப் பரவலால் ஜெர்மனியின் புண்டஸ்லிகா ஆட்டங்கள் பார்வையாளரின்றி நடந்தபோது, சொந்தத் திடலில் வெல்லும் விகிதம் குறைந்தது. சத்தம் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது.

நம் அப்பா, தாத்தா தலைமுறைக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1973ல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ண ஆட்டங்களின்போது எழுந்த ஆரவாரத்துக்கே ‘காலாங் கர்ஜனை’ என்று பெயர் வந்தது. 1994 இறுதியாட்டத்துக்காகப் பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி ஷா ஆலம் போனார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். பாஹாங்கை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒன்று. எந்தக் கோல் எப்போது விழுந்தது என்று கேட்டால் அப்பா குழம்புவார். பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார், எத்தனை நாள் தொண்டை கட்டியிருந்தது என்பதெல்லாம் துல்லியமாகச் சொல்வார்.

அந்தப் பருவத்தோடு சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்திலிருந்து விலகியது. 1996ல் உள்ளூர் லீக் பிறந்தது. இப்போது ஐரோப்பியக் குழுக்கள் நட்புமுறை ஆட்டத்துக்கு வந்தால் 55,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கை நிரப்ப ஓடுகிறோம். பிரிமியர் லீக்குக்காக நள்ளிரவில் கண்விழிக்கிறோம். ஜாலான் புசாரில் நம் குழுக்கள் ஆடும்போது எத்தனையோ வரிசைகள் காலி. ‘தரம் இல்லை, ஏன் போக வேண்டும்’ என்பார்கள் நண்பர்கள். ஐரோப்பாவின் தரம் இங்கில்லை, உண்மைதான். ஆனால் 2025 நவம்பர் 18ஆம் தேதி இதே வீரர்கள்தான் ஹாங்காங் சென்று, அந்த ஊர்க் கூட்டத்தின் நடுவே, ஒரு கோல் பின்தங்கிய பிறகு 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். 1984ல் போட்டியை ஏற்று நடத்தியதால் ஆடினோம். தகுதிச் சுற்றில் வென்று நுழைவது இதுவே முதல் முறை. வெற்றிக் கோலை அடித்தவர் ஃபாண்டியின் மகன் இல்ஹான். அன்றிரவு எல்லாரும் கொடி பதிவிட்டோம். அதற்கு முன் அவர்கள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

விம்பிள்டன் ஆசையை விட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து, பணம் சேர்த்துப் போகலாம், அது ஓடிவிடாது. அதற்குமுன் ஒரு வாரயிறுதி ஜாலான் புசாருக்கு வாருங்கள். கூட்டம் குறைவு என்பதால் கோல்காவலர் தற்காப்பு வீரரைத் திட்டுவதுகூடக் காதில் விழும். பூப்பந்துக்கு இறுதிநாள் வேண்டாம். முதல் சுற்று நாள் போங்கள். சீட்டு விலை குறைவு, பல ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும், காலையில் போனால் இரவுவரை பார்க்கலாம். குளிராக இருக்கும், மேலங்கி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.