6ஆம் தேதி அதிகாரம்

நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசிப்பது பாளையங்கோட்டையில் எங்கள் அப்பாவின் வழக்கம். 6ஆம் தேதி வந்தால் குரல் சற்று உயரும். நண்பனுக்காகப் பிணைப்படுவதைப் பற்றித் தகப்பன் மகனை எச்சரிக்கும் அதிகாரம் அது. சோம்பேறியை எறும்பிடம் அனுப்புவதும் அதில்தான். சிநேகிதர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, மூன்று வருஷம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர் அப்பா. ஆசீர்வாதத்தைப் பற்றி இத்தனை பிரசங்கம் கேட்கிறோம், இந்தக் கடன் விவகாரத்தைப் பற்றி ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. விசுவாசம் வேறு, விவரம் வேறு என்று யார் பிரித்தார்களோ! கடைசி அதிகாரம் லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது என்பதால், அன்றைக்கு வேதாகமம் அம்மா கைக்குப் போகும். 30 நாளோடு முடியும் மாதங்களில் அவளுக்கு முறை வராது. அதை விடாமல் சொல்லிக்காட்டுவாள்.