கைத்தொலைபேசியே கார்ச் சாவி: நீங்கள் பக்கத்தில் நிற்பது காருக்கு எப்படித் தெரியும்?

கைத்தொலைபேசி பையில். காரை நெருங்கினாலே கதவு திறக்கிறது. வசதிதான். ஆனா, அதே வசதி திருடனுக்கும் கிடைத்தால்?

பழைய சாவியில்லா முறையில் சமிக்ஞை வந்து சேர்ந்தாலே போதும். வீட்டு வாசலில் ஒருவன், காருக்குப் பக்கத்தில் இன்னொருவன். இருவரும் கருவி வைத்துச் சாவியின் சமிக்ஞையைக் கடத்தினால் கார் ஏமாந்துவிடும்.

அல்ட்ரா வைட்பேண்ட் என்ற புதிய முறை, சமிக்ஞை பயணம் செய்யும் நேரத்தை அளக்கிறது. வானொலி அலை ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். கடத்தினால் நேரம் கூடும், குறையாது. அதனால் திருட முடியாது என்று நினைத்தார்கள்.

சிக்கல் ரிசீவரில் இருக்கிறது.

பலமாடி கார் நிறுத்துமிடத்தை நினைத்துப் பாருங்கள். தூண், கூரை, பக்கத்துக் கார் என எல்லாவற்றிலும் அலை பட்டுத் திரும்பும். கைத்தொலைபேசி பின்பையில் இருந்தால், நேராக வரும் அலை உங்கள் உடம்பைத் தாண்டும்போதே பலவீனமாகிவிடும். எதிரொலிதான் பலமாகக் கேட்கும். அதை நம்பினால், நீங்கள் தூரத்தில் நிற்பதாகக் கார் கணக்குப் போடும். அதனால் ரிசீவர், பலமான அலைக்கு முன்னால் மெல்லியதாக ஏதாவது வந்ததா என்று தேடுகிறது.

எவ்வளவு மெல்லியதை நம்பலாம்? ரொம்பக் கறாராக இருந்தால் கதவு திறக்காது. விட்டுக்கொடுத்தால் வெறும் இரைச்சலே நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

அந்த இடைவெளியில்தான் 2022-இல் ஆய்வாளர்கள் புகுந்தார்கள். சூரிக் ஈ.டி.ஹெச் பல்கலைக்கழகத்தினரும் இடம்பெற்ற அந்தக் குழு, 65 அமெரிக்க டாலர் கருவியால் 12 மீட்டர் தூரத்தைப் பூஜ்ஜியமாகக் காட்டியது. ஆப்பிளின் யூ1 சில்லும் சோதனையில் ஏமாந்தது. ரகசியக் குறியீட்டை அவர்கள் தொடவே இல்லை.

வெற்றி விகிதம் அதிகபட்சம் 4 விழுக்காடு. குறைவுதானே என்று தோணும். சாவி திரும்பத் திரும்ப அளக்கும்; திருடனுக்கு ஒரே ஒரு தடவை போதும்.

எதை அனுப்ப வேண்டும் என்று 2020-இல் வந்த 802.15.4இசட் தரநிலை சொல்கிறது. வந்த அலையில் எதை நம்புவது என்பதைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது.

சில்லு இருந்தும் பயன்படுத்தாத கதையும் உண்டு. 2024-இல் டெஸ்லா மாடல் 3 காரைச் சீன ஆய்வாளர்கள் பழைய கடத்தல் முறையிலேயே திறந்துகாட்டினார்கள்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போனால், "அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். கதவைத் திறக்க அந்தத் தூரக் கணக்கைத்தான் கார் நம்புகிறதா என்றும் கேளுங்கள். ஓட்டுவதற்கு முன் பின் எண் கேட்கும் வசதி உங்கள் காரில் இருந்தால், இன்றே போட்டுவிடுங்கள்.