உட்கார்ந்து சாப்பிடுவது யார்?

அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எவருடைய சம்பளச் சீட்டை எடுத்தாலும் இரண்டு பிடித்தங்கள் கண்ணில் படும். சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம். முதலாளியும் தன் பங்குக்கு அதே அளவு கட்டியாக வேண்டும். ஒன்று வயதான காலத்து ஓய்வூதியத்துக்கு, மற்றது வயதான காலத்து வைத்தியத்துக்கு. அயோவா மாநிலத்தின் ஏதோ ஓர் இறைச்சி ஆலையில் கத்தி பிடிக்கும் குவாத்தமாலாக்காரர், விசா இல்லாமல் யாருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ காட்டிச் சேர்ந்தவராக இருந்தாலும், பிடித்தம் பிடித்தம்தான். ஆனால் தலை நரைத்த பிறகு அந்தப் பணத்தைக் கேட்டு அவர் எந்த அலுவலகப் படியும் ஏற முடியாது. 2010 என்ற ஒரே ஆண்டில் இப்படி ஆவணமில்லாதவர்களால் சோஷியல் செக்யூரிட்டி நிதிக்கு மிஞ்சிய தொகை சுமார் 1,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டது சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் சொந்தக் கணக்குப் பிரிவே.

இதைச் சொன்னபோது நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தான் சிரித்தார். "மாப்ள, நாங்க வரி கட்டுறோம், அவனுங்க உக்காந்து சாப்பிடுறானுங்க. அங்க வந்து இருந்து பாத்தாத்தான் உனக்குத் தெரியும்." அத்தான் எச்1பி வேலை விசாவில் போய், நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வாங்கி, இப்போது குடியுரிமையும் பெற்றவர். அவர் சொல்வது அவர் கண்டுபிடித்த கருத்தில்லை. அமெரிக்க அரசியல் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருவது அது. அரசுக்குப் பாரமாகக் கூடியவர்களைக் கரையிலேயே திருப்பி அனுப்பலாம் என்ற சட்டம் 1882-லேயே வந்துவிட்டது.

உட்கார்ந்து சாப்பிடுவதற்கு முதலில் இலை போட வேண்டாமா? 1996 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சட்டம், அதற்குப் பிறகு வரும் கிரீன் கார்டுக்காரர்களில் பெரும்பாலோர், ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்ட் போன்ற மத்திய அரசு உதவிகளுக்கு முதல் ஐந்தாண்டுகள் கை நீட்டவே கூடாது என்றது. சட்டப்படி வந்தவர்களுக்கே இந்த நிலை. ஆவணமில்லாதவருக்கு மத்திய அரசின் உணவு உதவி கிடையாது, வழக்கமான மெடிகெய்ட் கிடையாது. உயிர் போகிற நேரத்தில் எமர்ஜென்சியில் பார்ப்பார்கள், பிரசவம் பார்ப்பார்கள், அவ்வளவே. 2025 ஜூலையில் வந்த சட்டம் அகதிகளின் உணவு உதவியிலும் கை வைத்தது.

அப்படியானால் 'குடியேறியவர் வீடுகளில் பாதிக்கு வெல்ஃபேர்' என்ற வகைத் தலைப்புகள் எங்கிருந்து வருகின்றன? அங்கேதான் கைவித்தை இருக்கிறது. கணக்கை ஆள் ஆளாக எடுக்காமல் வீடு வீடாக எடுப்பார்கள். அப்பா மெக்சிகோக்காரர், அம்மா மெக்சிகோக்காரி, மூன்று பிள்ளைகள் டெக்சஸில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள் என்று வையுங்கள். கடைக்குட்டி மெடிகெய்டில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அந்த வீடே 'வெல்ஃபேர் வாங்கும் குடியேறியவர் வீடு'. அதே பிள்ளை வளர்ந்து, தனி வீடு எடுத்து, வரி கட்டத் தொடங்கியதும் 'அமெரிக்கர்' ஆகிவிடுவான். செலவு எழுதும்போது அந்நியன், வரவு எழுதும்போது சொந்தப் பிள்ளை! நம் ஊர் மளிகைக் கடையில் இப்படி ஒரு பேரேடு எழுதினால் கணக்குப்பிள்ளையை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, முதல் தலைமுறைக் குடியேறியவர்களால் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குச் செலவு கூடுவதாகவே சொன்னது. அத்தான் கட்சிக்காரர்கள் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தச் செலவில் பெரும்பங்கு பள்ளிப் படிப்புக்கானது என்பதும், அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் நாட்டிலேயே அதிகம் கொடுப்போரின் வரிசைக்கு வருகிறார்கள் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று கணக்கெடுத்தால், குடியேறியவர்கள் வாங்கும் உதவி உள்நாட்டில் பிறந்தவர்கள் வாங்குவதைவிடக் குறைவு என்று திரும்பத் திரும்பக் காட்டியிருப்பது கேட்டோ நிறுவனம். அது இடதுசாரிகளின் கூடாரம் அல்ல. நலத்திட்டம் என்றாலே முகம் சுளிக்கும் தாராளச் சந்தைக்காரர்களின் இடம்.

அடுத்த புகார் ஆஸ்பத்திரி. நோயோடு வந்து வரிசையை அடைக்கிறார்களாம். சைப்ரஸிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய சமூகவியலாளர் கிரியாகோஸ் மார்கிடீஸ், 1986-இல் ஜீனின் கொரெயிலுடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை இந்த எண்ணத்தின் அடிக்கல்லையே ஆட்டியது. தென்மேற்கு மாநிலங்களின் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது லத்தீன அமெரிக்க வழி வந்தவர்கள், வருமானத்தில் கறுப்பின மக்களுக்கு அருகில் இருந்தார்கள். சிசு மரணத்திலும் ஆயுளிலும் இதயநோய்ச் சாவிலும் வெள்ளையர்களுக்கு அருகில் இருந்தார்கள். ஏழைக்கு நோய் அதிகம் என்ற பாடத்துக்கு இது ஒத்துவரவில்லை. புதிர் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். உறவுக் கட்டு, உணவு, குறைவான புகைப்பழக்கம் எனக் காரணங்கள் பல பேசப்பட்டன. எனக்கு மிகவும் எளிதாகப் புரிவது ஒன்று. பாலைவனம் தாண்டிப் பிழைக்கப் போகிறவர் ஊரிலேயே திடமான ஆளாகத்தான் இருப்பார். படுத்த படுக்கையாய் இருப்பவர் வெல்ஃபேர் தேடி எல்லை தாண்டுவதில்லை.

1998-ஆம் ஆண்டுத் தகவல்களை வைத்து 2005-இல் வந்த ஓர் ஆய்வில், குடியேறியவர் ஒருவருக்கான மருத்துவச் செலவு அமெரிக்காவில் பிறந்தவருடையதைவிட 55 சதவீதம் குறைவாக இருந்தது. குழந்தைகளில் அது 74 சதவீதம் குறைவு. ஆனால் அதே குழந்தைகளின் எமர்ஜென்சிச் செலவு மட்டும் மும்மடங்குக்கும் மேல்! காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் போக முடியாத பிள்ளையை, மூச்சுத் திணறும்போது தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அந்த ஓட்டத்தைத்தான் வரிசையில் நிற்கும் நாம் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, 'இவர்கள்தான் ஆஸ்பத்திரியை நிரப்புகிறார்கள்' என்கிறோம்.

ஏன் முதல் நாளே போவதில்லை? காப்பீடு இல்லாதது ஒரு காரணம். பயம் இன்னொன்று. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று, மெடிகெய்டோ உணவு உதவியோ வாங்கியதைக் காட்டிக் கிரீன் கார்டை மறுக்க வழி செய்தது. மறு ஆண்டே அது போய்விட்டது. பயம் போகவில்லை. தனக்குப் பொருந்தாத விதிக்கும் பயந்து, குடிமகளான தன் குழந்தையின் பெயரைக்கூட மெடிகெய்ட் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்ன பெற்றோர் உண்டு. 2025-இல் மெடிகெய்ட் பயனாளிகளின் தகவல்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கைமாறியபோது, அந்தப் பெற்றோரைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்தப் பயம் கருவறைக்குள்ளும் போகிறது. 2008 மே 12 அன்று அயோவாவின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் இறைச்சி ஆலை ஒன்றைக் குடிவரவு அதிகாரிகள் சுற்றிவளைத்து 389 பேரைப் பிடித்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் அந்த மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளைப் புரட்டினார்கள். சோதனைக்குப் பின் வந்த மாதங்களில் லத்தீனத் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீனப் பெண்களும் இதற்குத் தப்பவில்லை. வெள்ளைத் தாய்மார்களின் குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை.

அத்தானிடம் இத்தனையும் சொல்லவில்லை. வேறொன்றை நினைவுபடுத்தினேன். அவரோடு ஒரே ஆண்டில் போன நண்பர் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கோவைக்குத் திரும்பிவிட்டார். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பிடித்தம் வேண்டும். குறைகிற ஆண்டுகளை ஈடுகட்ட இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தம் இல்லை. எட்டு ஆண்டுகள் அவர் கட்டியது அங்கேயே நின்றுவிட்டது. யாரோ ஒரு ஓஹையோ தாத்தாவின் ஓய்வூதியத்தில் கோயம்புத்தூர்க்காரரின் காசும் இருக்கும். குவாத்தமாலாக்காரரின் காசும் இருக்கும்.

"அது சரிதான் மாப்ள" என்றார் அத்தான், குரல் இறங்கி. பிறகு பேச்சு அத்தையின் பக்கம் திரும்பியது. 68 வயதில் கிரீன் கார்டில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது, தனியார் இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகவில்லை. ஐந்து வருடம் முடிந்தால் மெடிகேரோ மெடிகெய்டோ கிடைக்கும் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறாராம்.

"இன்னும் ரெண்டு வருஷம்தான்" என்றார். ஆபரேஷனை அதுவரை தள்ளிப்போடலாமா என்று கேட்டார்.