வயிறு கழுவிய பிறகு: வீட்டில் கவனிக்க வேண்டியவை



எமக்கு வந்த ஒரு கடிதத்தோடு இம்மாதப் பக்கத்தை ஆரம்பிக்கின்றோம். எழுதியவர் வன்னியில் வாழும் 44 வயதுத் தாய். 2009 இல் கணவரை இழந்தவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

“மூன்று மாதமாக மாதவிடாய் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. களைப்பில் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கி, வயிறு கழுவிவிட்டு, அன்று பின்னேரமே துண்டு வெட்டி அனுப்பினார்கள். அடுத்த நாளே கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போனேன். போகாவிட்டால் சம்பளம் இல்லை. இன்று ஒன்பதாம் நாள். இன்னும் கொஞ்சம் கசிகிறது. ‘புருசன் இல்லாதவளுக்கு ஏன் வயிறு கழுவினது?’ என்று அயலில் கதைக்கிறார்களாம். மூன்று கிழமையால் கிளினிக்குக்கு வரும்படி அட்டையில் எழுதியிருக்கிறது. திரும்பவும் போனால் இன்னும் கதைப்பார்கள். போகாமல் விட்டால் என்ன?”

சகோதரி, உங்கள் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். கட்டாயம் போக வேண்டும். ஏன் என்பதைக் கீழே படியுங்கள். உங்களைப் போல் மனதுக்குள் கேள்வியோடு இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் இது உதவும்.

ஏன் செய்கின்றார்கள்?

வயிறு கழுவுதல் என்று நாம் சொல்வதை வைத்தியர்கள் ‘டி அன்ட் சி’ என்பார்கள். கருப்பையின் வாயைச் சிறிது விரித்து, உட்பக்கத்தில் படிந்திருக்கும் மெல்லிய படையைச் சுரண்டி அல்லது உறிஞ்சி எடுப்பதே இது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிட வேலை. வயிற்றில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கருப்பையை எடுத்துவிடுவதும் இல்லை. “கழுவினால் பிறகு பிள்ளை தங்காது” என்ற பயம் பலருக்கு உண்டு. ஒழுங்காகச் செய்யப்பட்டால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை.

கரு தானாகக் கலைந்து மிச்சம் உள்ளே தங்கிவிட்டால் இதைச் செய்கின்றார்கள். ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போனாலும், மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் மீண்டும் இரத்தம் கண்டாலும், காரணத்தை அறிவதற்காகவும் செய்கின்றார்கள். எனவே கணவன் இல்லாதவருக்கும், திருமணம் செய்யாதவருக்கும், பேரப்பிள்ளை கண்ட அம்மம்மாவுக்கும் இது தேவைப்படலாம். “ஏன் கழுவினது?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

முதல் நாள்

மயக்க மருந்தின் வேகம் ஒரு நாள் வரை உடம்பில் இருக்கும். தலைச்சுற்று, ஓங்காளம், நித்திரைத் தூக்கம் வரலாம். அந்த 24 மணித்தியாலத்துக்குள் மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ ஓட வேண்டாம். அடுப்படியில் தனியாக நிற்க வேண்டாம். காணி உறுதி, கடன் பத்திரம் எதிலும் கையொப்பமிட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இல்லாதவர்கள் அன்றிரவு மட்டுமாவது ஒரு சகோதரியையோ சிநேகிதியையோ வந்து படுக்கச் சொல்லுங்கள்.

இரண்டொரு நாளைக்கு மாதவிடாய் நோவைப் போல அடிவயிறு பிடித்து வலிக்கும். சிலருக்கு நாரியும் உளையும். பனடோல் போதும். ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். மிகவும் மெலிந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்டு இன்னும் குறைவாகவே எடுக்க வேண்டும். வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரின் எடுக்க வேண்டாம். அது இரத்தப்போக்கைக் கூட்டும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்தால் இதமாக இருக்கும்.

இரத்தம் எவ்வளவு நாள் போகும்?

முதலிரு நாளில் மாதவிடாயைப் போலப் போகும். பிறகு குறைந்து, மண்ணிறமாகிக் கசிந்து நிற்கும். சிலருக்கு மூன்று நாளில் நிற்கும், சிலருக்கு இரண்டு கிழமை வரையும் எடுக்கும். கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒன்பதாம் நாள் கொஞ்சம் கசிவது வழமையானதே. அது நாளுக்கு நாள் குறைகின்றதா என்று மட்டும் பாருங்கள்.

இரத்தம் முற்றாக நிற்கும் வரை, குறைந்தது இரண்டு கிழமைக்கு, கருப்பையின் வாய் கிருமிகளுக்கு இலகுவாக இடம் கொடுக்கும். அதனால் இந்த நாட்களில் உடலுறவு வேண்டாம். கணவரிடம் இதை வைத்தியரே சொல்ல வேண்டும் என்றால், கிளினிக்கில் கேளுங்கள், சொல்வார்கள். உள்ளே தண்ணீர் அடித்தோ மருந்து வைத்தோ கழுவ வேண்டாம். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கலாம், தலையும் முழுகலாம். ஆனால் குளத்திலோ கடலிலோ இறங்க வேண்டாம். களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிக்கும் சகோதரிகளும், வயலில் சேற்றில் நின்று நாற்று நடும் சகோதரிகளும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

பாட் வாங்க வசதியில்லாதவர்கள் துணி பாவிக்கலாம். சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, நல்ல வெயிலில் காயவிட வேண்டும். வெட்கத்தில் அறைக்குள் மறைத்து, ஈரம் காயாமல் எடுத்துக் கட்டுவதே கிருமிக்கு வழி. கொடியில் அதன் மேல் இன்னொரு மெல்லிய துணியைப் போட்டாலும் வெயில் படும்.

வேலையும் ஓய்வும்

வெளியில் காயம் தெரியாதபடியால், “உனக்கு என்ன செய்தது?” என்று வீட்டிலுள்ளவர்களே கேட்பார்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் அப்படிக் கேட்பதற்குக்கூட ஆள் இருப்பதில்லை. பானையை நாமே தூக்க வேண்டும். சத்தான சாப்பாடு உள்ள ஒருவர் இரண்டொரு நாளில் வழமையான வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மூன்று மாதம் இரத்தம் இழந்து வெளிறிப்போன உடம்புக்கு அது போதாது. ஒரு கிழமைக்காவது தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, நெல் மூட்டை தூக்குவதைத் தவிருங்கள். வாளியைப் பாதியாக நிரப்பி இரு தடவை கொண்டுவாருங்கள். கூலி வேலையானால், நாலைந்து நாளாவது இருந்து செய்யும் வேலையைக் கேட்டுப் பாருங்கள். மாதர் சங்கத்தில் இருப்பவர்கள், ஒருவருக்கு முடியாத கிழமையில் மற்றவர்கள் முறைபோட்டுத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கலாம். முகாம்களில் அப்படித்தானே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சாப்பாடு

பிள்ளைப்பேற்றுக்குப் போலப் பத்தியம் காக்கத் தேவையில்லை. “தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்” என்று விடாய்க்க விடுவது பிழை. தாராளமாகக் குடியுங்கள். சரக்குக் கறி விருப்பமானால் சாப்பிடலாம். முக்கியமாக முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, முட்டை, மீன், முடிந்தபோது ஈரல் என்பவற்றைச் சேருங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தால் தேநீரோடு விழுங்க வேண்டாம். தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். களைப்புத் தீர்ந்துவிட்டது என்று இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

* மணித்தியாலத்துக்கு இரண்டு பாட் அல்லது இரண்டு தடித்த துணி முற்றாக நனையும்படி, இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து இரத்தம் போதல். தேசிக்காயளவு கட்டிகள் விழுதல்
* 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், அல்லது குளிரும் நடுக்கமும்
* கெட்ட மணத்துடன் வெள்ளையோ சீழோ படுதல்
* குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி. வயிறு கல்லாக இறுகுதல்
* இரத்தம் திடீரென்று முற்றாக நின்று, வலி மட்டும் கடுமையாதல்
* தலைச்சுற்றி விழுதல், நெஞ்சு படபடத்தல்
* சலம் போக முடியாமை

இரவென்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும்போது ஆஸ்பத்திரியில் தந்த அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த மாதவிடாய்

பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமைக்குள் வரும். எட்டுக் கிழமையாகியும் வராவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கரு கலைந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் வருவதற்கு முன்னரே, இரண்டு கிழமையிலேயே, மீண்டும் கரு தங்கக்கூடும். இப்போது பிள்ளை வேண்டாம் என்றால், வைத்தியசாலையை விட்டு வரும்போதே குடும்பக் கட்டுப்பாட்டு முறை பற்றிக் கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தரும் உதவுவார். வேண்டும் என்றால், உடம்பும் மனமும் தேறிய பின் வைத்தியரோடு கதைத்து முடிவெடுங்கள். உங்கள் இரத்த வகை ‘நெகற்றிவ்’ என்றால், கரு கலைந்து 72 மணித்தியாலத்துக்குள் ஓர் ஊசி தேவைப்படலாம். அதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கரு கலைந்தபின் சிகிச்சைக்குப் போவது குற்றம் அல்ல. அந்தச் சிகிச்சை எந்தப் பெண்ணுக்கும் உரியது. பயந்து வீட்டில் கிடந்து கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து.

அந்த அட்டையும் அறிக்கையும்

இப்போது கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு வருகின்றோம். சுரண்டி எடுத்ததை எறிந்துவிடுவதில்லை. பரிசோதனைக்கு அனுப்புகின்றார்கள். அறிக்கை வரச் சில கிழமை எடுக்கும். அதைப் பார்க்கத்தான் உங்களை மூன்று கிழமையால் வரச் சொன்னார்கள். கழுவியதோடு இரத்தம் நின்றுவிட்டால் வருத்தம் மாறிவிட்டது என்று நினைக்கின்றோம். ஆனால் இரத்தம் ஏன் போனது என்பதற்கான விடை அந்தக் கடதாசியில்தான் இருக்கின்றது.

உங்கள் வயதில் பெரும்பாலும் ஓமோன் மாற்றமே காரணமாக இருக்கும். சிலருக்குக் கருப்பையின் உட்படை தடித்திருக்கும், குளிசையால் குணப்படுத்தலாம். கவனிக்காமல் விட்டால் அதில் சில வகை காலப்போக்கில் புற்றுநோயாக மாறும். வெகு சிலருக்கு அப்போதே புற்றுநோய் இருக்கலாம். அதுவும் ஆரம்பத்தில் பிடிபட்டால் பெரும்பாலும் மாற்றக்கூடியதே. கரு கலைந்தவர்களுக்கும் அறிக்கை தேவை. கரு சரியாக உருவாகாமல் திராட்சைக் கொத்துப் போல வளரும் ஒரு வகை உண்டு. அப்படியென்றால் சில மாதங்கள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. தவணைத் திகதி தவறிவிட்டாலும் போகலாம். அட்டை தொலைந்தாலும் போகலாம். பெயரையும் செய்த திகதியையும் சொல்லிக் கேளுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சில ஸ்கான் எடுக்க முன் அதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சோதிக்கும்போது பயமாக இருந்தால் பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். கடந்த காலத்தில் பட்ட காயத்தால் அந்தக் கட்டிலில் ஏறவே உடம்பு நடுங்கும் சகோதரிகளும் எம்மிடையே உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. “எனக்குப் பயம், மெதுவாகச் செய்யுங்கள்” என்றால் போதும்.

மனம்

கழுவிய பிறகு காரணமில்லாமல் அழுகை வரலாம். கருவை இழந்தவருக்கு அது பிள்ளையை இழந்த துக்கமே. “இன்னும் உருவாகவே இல்லையே” என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏற்கனவே பலரை இழந்த எமக்குப் பழைய இழப்புகளும் அதோடு சேர்ந்து வரும். நித்திரை இல்லாமல், சாப்பிட மனமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்திலும் கதைக்கலாம்.

கடைசியாக அயலவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் ஆஸ்பத்திரியால் வந்திருக்கிறாள் என்றால் ஏன் போனாள் என்று கேட்காமல், ஒரு குடம் தண்ணீர் அள்ளிக் கொடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரி, கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். போய் வந்து எமக்கும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்போம்.