மறைந்தோடும் கம்பிகள்

துவிச்சக்கர வண்டியின் பிறேக் கம்பியையும் கியர்க் கம்பியையும் சட்டத்தின் குழாய்களுக்குள்ளே மறைத்து ஓடவிடும் வழக்கம் இக்காலத்திற் பெருகியுள்ளது. அவ்வண்டிகள் பார்வைக்கு அழகியவை என்பதை யாம் மறுக்கவில்லை. பந்தயத்தில் ஓடுவோர்க்குக் காற்றின் தடை சிறிது குறையும் என்பதும் உண்மையே. ஆயினும் நாடோறும் கல்லூரிக்கும் சந்தைக்கும் செல்பவனுக்கு அதனால் ஆவதென்ன?

எம் தந்தையர் ஏறிய றலி வண்டிகளிலே கம்பிக்குப் பதிலாக இரும்புக் கோல்களே பிறேக்கை இழுத்தன. யாவும் வெளியே நின்றமையால் எது தளர்ந்தது என்பதைச் சிறுவனும் கண்டுகொள்வான். 1990 இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்ட பின்னர் குடாநாட்டைச் சுமந்தவை துவிச்சக்கர வண்டிகளே. மின்சாரமற்ற அந்நாள்களில் அவற்றின் டைனமோவைச் சுழற்றியே வானொலியுங் கேட்டோம். அவற்றைத் திருத்துதற்கு ஒரு குறடும் இரண்டொரு சாவிகளும் போதுமாயிருந்தன.

உட்கம்பி வண்டியோ அத்தகையதன்று. புதிய கம்பியை ஒரு துளையிற் செலுத்தலாம்; மறு துளையில் அது வெளிவரும் என்பது உறுதியன்று. தொழிலறிந்தார் பழைய கம்பியை உடனே உருவார். மெல்லிய பிளாஸ்ரிக் குழாயொன்றை அதன்மேற் செலுத்தி, அது மறுபுறம் தலைகாட்டிய பின்னரே கம்பியை உருவி, அக்குழாய் வழியே புதியதை நுழைப்பர். அவசரப்பட்டு உருவியவன் காந்தமுனைக் கம்பியொன்றை உள்ளே விட்டு, வெளியே மற்றொரு காந்தத்தைப் பிடித்து இழுத்துவரல் வேண்டும். அலுமினியச் சட்டத்தில் இது எளிது. உருக்குச் சட்டத்திலோ காந்தம் சட்டத்தையே பற்றிக்கொள்ளும். ஒரு மாலைப்பொழுதை முற்றாக இழந்த பின்னரே யாம் இதனை உணர்ந்தோம்.

இப்போது கம்பிகளைக் கைப்பிடியின் கழுத்துப் பெயாரிங் ஊடாகவே இறக்குகின்றனர். எண்ணெய்ப் பிறேக்குள்ள அத்தகைய வண்டியில் அந்தப் பெயாரிங்கை மாற்றுவதற்குப் பெரும்பாலும் பிறேக் குழாயையே கழற்றி, எண்ணெயையும் புதிதாக நிரப்ப நேரிடும். சந்தியிலிருந்து திருத்துபவர் இதற்கு எங்கே போவார்? உள்ளே முழுநீள வழிக்குழாய் பொருத்திய சட்டங்களும் உள. மகனுக்கு வண்டி வாங்கும் தந்தையர் பணங்கொடுக்குமுன் அதனைக் கேட்டறிதல் நன்று. எம்மைக் கேட்பின், வெளிக்கம்பி வண்டியையே வாங்குக என்போம்.

யூபிலி நினைவாக மண்டபமும் வளைவும் எழுப்பப் பேசுவோரிடம் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. 2022 இல் எரிபொருள் அருகியபோது நாடெங்கும் மக்கள் மீண்டும் சைக்கிளையே நாடினர். கல்லூரிச் சைக்கிள் கொட்டகையருகே ஒரு திருத்துமேசையும், சில சாவிகளும், ஒரு சுருள் வழிக்குழாயும், வாரத்திலொருநாள் வந்து மாணவர்க்குக் கைப்பழக்கம் ஊட்ட ஒரு திருத்துநரும் அமைத்துத் தருக. வளைவுக்கு வேண்டிய சீமெந்தின் விலைகூட இதற்கு ஆகாது.