ஆகாயத்தாமரையை அள்ள நிதி கேட்போம், வாருங்கள்!

தோழர்களே,

மழை இறங்குவதற்குள் நாம் திரண்டாக வேண்டும். நொய்யல் ஆற்றுப் பாலத்தைக் கடந்துதான் நம்மில் பலர் பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறோம். தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் ஆகாயத்தாமரை. பொக்லைனை இறக்கி அள்ளுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் அந்தச் செடி இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதை பதினைந்து ஆண்டுக்கு மேல் சேற்றில் உயிரோடு கிடக்கும். ஒருநாள் கூத்தில் அது ஒழியாது. ஆண்டு முழுவதும் ஆளும் பணமும் வேண்டும். ஊர்ச் சாக்கடை அப்படியே ஆற்றில் இறங்குவதும் நிற்க வேண்டும்.

இது யாரோ பறவை பார்ப்பவர்களின் கவலை என்று ஒதுங்காதீர்கள். ஆற்றில் கழிவைக் கலந்த சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கிறதா? ஆற்றைக் கெடுத்தது நாமல்ல, வேலையை இழந்தது நாம். இன்றும் அந்தச் செடிக்குள் பெருகும் கொசு கடித்துக் காய்ச்சல் வந்து படுத்தால் பீஸ் ரேட்டுக்காரருக்கு அன்றைய சம்பளம் கிடையாது. செடி அடைத்து வெள்ளம் ஏறினால் மூழ்குவது ஆற்றோரத்து வாடகை வீடுகள்.

ஆற்றுக்கு வெளியேயும் இதே கதைதான். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல்லின் இடத்தைப் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் பிடிக்கின்றன. பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும். வெறுங்கையால் பிடுங்குபவருக்குத் தோல் வெந்துபோகும்.

தமிழ்நாடு அரசு 2022இல் இப்படிப்பட்ட அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது. அதன் கண் காடுகள் மேல்தான் அதிகம். அதே ஆண்டு வன உயிரினச் சட்டத்தைத் திருத்திய ஒன்றிய அரசு, அயல் இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. அதிகாரம் எடுத்தவர்கள் பணமும் தரட்டும். பட்ஜெட்டில் நாடு முழுமைக்கும் தனி நிதி வேண்டும். அதில் உள்ளாட்சிகளுக்கு நேரடிப் பங்கு வேண்டும். அள்ளுகிறவருக்குச் சட்டப்படியான கூலி, கையுறை, இஎஸ்ஐ எல்லாம் வேண்டும்.

நடக்காததைக் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்க அரசு 1995இல் தண்ணீரைக் காக்க ஒரு திட்டம் தொடங்கி, அயல் மரங்களை வெட்டும் வேலையை வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்துக் கூலியும் தந்தது. ஆர்டர் இல்லாத மாதங்களில் வீட்டில் உட்காரும் நம் தோழர்களுக்கு அப்படியொரு வேலை ஏன் கூடாது? வங்காளத்தில் 1936இல் ஆகாயத்தாமரைக்கென்றே சட்டம் வந்தது. 1937 தேர்தலில் கட்சிகள் அதை ஒழிப்பதாக வாக்குறுதி கொடுத்தன. வயல் பாழான உழவர்களின் ஓட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது. நம் ஓட்டும் தேவைப்படும்.

மே 1 நம் நாள். கிராம சபை கூடும் நாளும் அதுதான். கொடியேற்றியதும் கலைந்துவிடாமல் நேரே சபைக்குப் போங்கள். ஊத்துக்குளியானாலும் காங்கேயமானாலும், உங்கள் ஊராட்சியில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிய வையுங்கள். டவுனில் இருப்பவர்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் இடத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். தீர்மான நகலும் கையெழுத்துத் தாளும் கையிலிருக்க, அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் ஒன்றாகக் கலெக்டர் ஆபீஸ் வாருங்கள். ஒரு ஷிப்டு போனால் போகட்டும், குடும்பத்தோடு வாருங்கள்.