பிள்ளை யார் காரில் போகிறது?

தாப்பா தோட்டத் திடல்களில் சம்பளம் வாங்காமல் காற்பந்து சொல்லித் தரும் அண்ணன்மாரை மதிக்கிறோம், மதிக்கத்தான் வேண்டும். ஆனால், ஈப்போ போட்டிக்குப் பிள்ளை யாரோடு தனியாகக் காரில் போகிறது என்று கேட்க ஏனோ கூச்சப்படுகிறோம்.

2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பில் இருப்போர் வரிசையில் பயிற்றுநரையும் சேர்த்திருக்கிறது. அவர் குற்றம் புரிந்தால் வழக்கமான தண்டனைக்கு மேல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். 'மன்றத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைக்கும் செயலவையினரும் இதில் அடக்கம். இன்னொரு பெரியவர் உடன் இல்லாமல் பிள்ளையை ஏற்றக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

மாணவர்களே, 'யாரிடமும் சொல்லாதே' என்று எவர் சொன்னாலும் அன்றே அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். தாலியான் காசே எண் 15999.